பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: கடற்கரை ஜீப்பில் டிஸ்க் பிரேக்

பழைய ஜீப்பின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் மாட்டுவது, நல்ல லேத் பட்டறை கிடைத்தால், சில நாள் வேலை. மாட்டிய பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்க வைப்பதும், பிடித்த பிரேக்கை ஒழுங்காக விட வைப்பதும்தான் பெரிய வேலை. எங்கள் ஜீப்பில் அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிய காலம் முழுக்க நீண்டது. இராமநாதபுரம் கரையில் பழைய ஜீப் வைத்திருக்கிற பலர் இப்போது டிஸ்க்குக்கு மாறப் பார்க்கிறார்கள். மாறிய சிலர் வெறுத்துப்போய்ப் பழையபடி டிரம்மையே மாட்டிக்கொண்டதும் தெரியும். அப்படித் திரும்பிப் போகத் தேவையில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்டி, பெடல் தரைத் தகடு வழியாகக் கீழே இறங்குகிற பழைய மஹிந்திரா டீசல் ஜீப். அப்பா காலத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் ஆள் ஏற்றிப் போன வண்டி. 2017ல் அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்த பிறகு அந்த ஓட்டம் முடிந்துபோனது. இப்போது அதில் மீன் எடுக்கிறோம். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தில் தார் போகாத கரைகள் இன்னமும் நிறைய இருக்கின்றன. வள்ளம், வத்தை என்ற சின்னப் படகுகள் ஒதுங்குகிற இடத்துக்கே ஐஸ் பெட்டியோடு இறங்கி, மீனை ஏற்றி, பனங்காட்டு மணல் வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து சேர வேண்டும். போகும்போது சும்மா போகிற வண்டி, திரும்பும்போது ஐஸும் மீனுமாகக் கனத்துப்போயிருக்கும். பிரேக்கின் அருமை அப்போதுதான் தெரியும்.

டிரம்மை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு தடவை அலையோரத்து ஈர மணலில் ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் டிரம்முக்குள் போனால், அதன் உள்சுவரில் உரசி வண்டியை நிறுத்துகிற லைனர் நனைந்துவிடும். காய்கிற வரைக்கும் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் காய்வதும் இல்லை. முதலில் காய்ந்த பக்கம் வண்டியை இழுக்கும். தண்ணீரோடு போன மணல் உள்ளேயே தங்கி லைனரையும் டிரம்மையும் சேர்த்துத் தேய்க்கும். டிஸ்க் திறந்தவெளியில் இருப்பதால் சுற்றும் வேகத்திலேயே தண்ணீரை வீசி எறிந்துவிடுகிறது, மிச்சத்தை, டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் துடைத்துவிடுகிறது. மணல் பேடையும் தேய்க்கத்தான் செய்யும். ஆனால் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றினாலே கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் சுலபம்.

சரி, மாட்டியாகிவிட்டது. ஸ்டப் ஆக்சிலில் டிரம்மின் பேக் பிளேட் இருந்த இடத்தில் கனமான பிராக்கெட், அதில் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற, பிற்கால வண்டி ஒன்றின் கேலிப்பர், ஹப்பில் டிஸ்க். பின் சக்கரங்களில் பழைய டிரம் அப்படியே. பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரும் தரைக்குக் கீழே பழையதுதான். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால் சில கிலோமீட்டருக்குள் முன் சக்கரம் இரண்டும் சூடாகி, வண்டி ஃபர்ஸ்ட் கியரில் இழுக்கிற மாதிரித் திணறியது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கேலிப்பர் மட்டம் என்று முடிவு கட்டி, வேறு கேலிப்பர் வாங்கப் போகிறார்கள். கேலிப்பரில் குறை இல்லை. டிரம்முக்கென்று செய்த மாஸ்டரும் டிஸ்க்குக்கென்று செய்த கேலிப்பரும் ஒன்றுக்கொன்று பழக்கமில்லாதவை. கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

டிரம் பிரேக்கில் லைனர் ஒட்டிய ஷூவைப் பலமான ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்கின்றன. அதனால் பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் எண்ணெய் வெளியே போகும் வாயிலேயே ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். காலை எடுத்த பிறகும் பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரோடு ஒட்டி நிற்பதற்கும், காற்று உள்ளே வராமல் இருப்பதற்கும் அந்த அழுத்தம் தேவை. அவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஷூ வெளியே வராது, ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. கேலிப்பருக்குள் இருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம் மிதிக்கும்போது லேசாக வளைந்து, விட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுதான் பிஸ்டனைத் தலைமுடி அகலத்துக்குப் பின்னால் இழுக்கிறது. 10 பிஎஸ்ஐ பைப்பில் நின்றுகொண்டிருந்தால் அந்த நிமிர்வு நடக்காது. பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும், தேய்த்துக்கொண்டே சூடாகும்.

இதைக் கண்டுபிடித்தது படகு என்ஜின் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன். பிரேக் வேலை அவருடைய தொழில் இல்லை, ஆனால் அழுத்தம் எங்கே நிற்கிறது என்று தேடும் வித்தை அவருக்குக் கைவந்தது. வண்டியை நன்றாக ஓட்டி, பிரேக் பிடித்துக்கொண்ட நிலையிலேயே கொண்டுவரச் சொன்னார். ஆறவிட்டுக் கொண்டுவந்தால் ஒன்றும் தெரியாது என்றார். முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். கையால் சுற்றினால் அசையவில்லை.

"தம்பி, முதல்ல மாஸ்டர்கிட்ட பைப் நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. கேலிப்பர்ல ஏர் எடுக்கிற நிப்பிளைத் தொடாதீங்க."

"நிப்பிளைத் திறந்தா சீக்கிரம் தெரியுமேண்ணே?"

"நிப்பிளைத் திறந்தா எல்லாமே விட்டுரும். எங்க மாட்டியிருக்குன்னு தெரியாது. மேல இருந்து கீழ வரணும்."

அந்த வரிசைதான் இந்த வேலையின் உயிர். விளக்கமாகச் சொல்கிறேன். மாஸ்டரை ஒட்டிய நட்டை லேசாகத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் சுற்றத் தொடங்கினால், அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது மாஸ்டர். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால், அடுத்தது ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புப் பைப் ஹோஸோடு சேருகிற நட்டு. அங்கேயும் விடவில்லை, ஆனால் கேலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விடுகிறது என்றால் குற்றவாளி ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிஸ்டன் துரு, கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னின் இறுக்கம், பிராக்கெட் கோணல் என்று இரும்பில் தேட வேண்டும். ஒரு ஸ்பேனரும், கீழே பிடிக்க ஒரு டப்பாவும் போதும். சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்காமல் நட்டின் மேல் துணி போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ஏர் எடுத்தாக வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்ற வேண்டும்.

எங்கள் வண்டியில் மாஸ்டர் நட்டைத் தளர்த்தியதுமே இரண்டு சக்கரமும் விட்டுவிட்டது. மாஸ்டரைப் பிரித்து உள்ளேயிருந்த வால்வை எடுத்தோம். இழுவை போய்விட்டது. ஆனால் மறுநாள் காலையில் புதுத் தலைவலி: முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது, இரண்டாவது மிதிக்குச் சரியாக நின்றது. சாயங்காலம் நிறுத்திவைத்துக் காலையில் எடுத்தால் மறுபடியும் அப்படியே.

காரணம் உயரம். தரைக்குக் கீழே இருக்கிற மாஸ்டர் கேலிப்பரைவிடத் தாழ்வாக நிற்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது எண்ணெய் தன் எடையிலேயே மெல்லக் கீழே வடிகிறது, பிஸ்டன் சிறிது பின்வாங்குகிறது, அடுத்த முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிறது. என்ஜின் அறைச் சுவரில் உயரமாக மாஸ்டர் இருக்கிற வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தரைக்குக் கீழே மாஸ்டர் இருக்கிற பழைய ஜீப்புகளுக்கு, டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ மட்டும் நிறுத்துகிற தனி வால்வு போட வேண்டும். பேடைத் தேய்க்க விடாத அளவுக்குக் குறைவு, எண்ணெய் வடியாத அளவுக்குப் போதுமானது. பின்னால் டிரம் இருப்பதால் அதற்கு 10 பிஎஸ்ஐ வால்வு இருந்தே ஆக வேண்டும். ஒரே வாய் இருக்கிற பழைய மாஸ்டரில் இரண்டையும் ஒழுங்காகப் பிரிப்பது கஷ்டம். அதனால் இரண்டு வாய் உள்ள டேண்டம் மாஸ்டருக்கு மாறினோம். இதை நான் ஒரு வசதியாக மட்டும் பார்க்கவில்லை. ஒற்றை லைன் உள்ள பழைய ஏற்பாட்டில் ஏதோ ஒரு பைப் உடைந்தாலே நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். உப்பு பைப்பைத் தின்கிற ஊரில் அது விஷப்பரீட்சை. டேண்டத்தில் ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும்.

டேண்டம் வாங்கும்போது துளை விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கேலிப்பர் பிஸ்டன் பெரியது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது, அதை நகர்த்த அவ்வளவு எண்ணெய் அதிகம் வேண்டும். மாஸ்டர் துளை சிறிதாக இருந்தால் அதே காலுக்கு அழுத்தம் கூடும், ஆனால் பெடல் ஆழமாகப் போகும். பெரிதாக இருந்தால் பெடல் மேலேயே நிற்கும், ஆனால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிய வேண்டும். கேலிப்பர் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் மாஸ்டர் அளவிலிருந்து தொடங்குவது நல்லது.

மாஸ்டர் மாற்றியபின் பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. எவ்வளவு ஏர் எடுத்தாலும் போகவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கேலிப்பரின் நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டிய பட்டறையில் இடது வலது மாறிவிட்டிருக்கிறது. பிராக்கெட் லேத்தில் செய்தது என்பதால் எப்படி வேண்டுமானாலும் மாட்ட முடிந்திருக்கிறது. காற்று எப்போதும் மேலே தங்கும். நிப்பிள் மேலே இல்லையென்றால் கடைசிக் குமிழ் வெளியே வரவே வராது. பக்கம் மாற்ற முடியாத நிலைமையில், கேலிப்பரை மட்டும் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து ஏர் எடுத்துவிட்டு மாட்டலாம். கட்டை வைக்காமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். ஆனால் இடம் மாற்றி மாட்டுவதுதான் நிரந்தர வழி.

இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில், பழைய இழுவை வேறு உருவத்தில் வந்தது. காலை ஓட்டத்தில் ஒன்றுமில்லை. வெயில் ஏறி, பாம்பன் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகரும் நேரத்தில் பெடல் மேலே மேலே வரும். தரையை ஒட்டி விளையாடிய பெடல் கால்விரல் நுனியிலேயே இறுகும். பிறகு வண்டி நகர மறுக்கும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் தானாகவே விட்டுவிடும். பாலம் இறங்குகிற இடத்தில், கடலைப் பார்க்கிறவர்கள் சாலை ஓரமாக நிற்கும்போது இப்படி ஆனால் உயிரே போய் வரும்.

பழையபடி மேலிருந்து கீழே தேடினோம். மறுபடியும் மாஸ்டர் நட்டில்தான் விட்டது. ஆனால் இந்த மாஸ்டரில் வால்வு சரி. அப்படியென்றால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வரவில்லை. மாஸ்டருக்குள் ஒரு சின்னத் துளை இருக்கிறது. காலை எடுத்ததும் சூட்டில் பெருத்த எண்ணெய் அது வழியாகத்தான் மாஸ்டரின் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டனின் கப் அந்தத் துளையை மூடிக்கொண்டு நின்றால் எண்ணெய்க்கு வழியில்லை. சூடு ஏற ஏற அழுத்தம், அழுத்தம் ஏற ஏற சூடு. ஆறினால் எண்ணெய் சுருங்கித் தானே விடும். நிறுத்தி வைத்தால் சரியாகிறது, ஓடினால் பிடிக்கிறது என்ற அடையாளம் கிட்டத்தட்ட இந்தக் கோளாறுக்கே உரியது.

வழக்கமாக இதற்கு, பெடலிலிருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளுகிற புஷ்ராடை அட்ஜஸ்ட் செய்யச் சொல்வார்கள். பெடலை விட்ட நிலையில் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது ஆட்டம் இருக்க வேண்டும். பெடலில் அது சில மடங்காகத் தெரியும், காலால் தொட்டாலே புரியும். நாங்கள் வைத்த ஆட்டம் சரியாகவே இருந்தது. பிறகு படுத்துக் கீழே பார்த்தால், பெடல் ஷாஃப்ட் புஷ்ஷில் உப்பும் மணலும் சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தது. பெடல் முழுசாகத் திரும்பி வராமல் கொஞ்சம் கீழேயே நின்றது. அந்தக் கொஞ்சம் போதும், துளையை மூட. ஷாஃப்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் நிப்பிள் வைத்து, திருப்பும் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டதும் சரியானது. தரைக்கடியில் பெடல் உள்ள வண்டியில், கரையிலிருந்து திரும்பும்போதெல்லாம் பெடலைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். மேலே வர இடமிருந்தால் அன்றே பாருங்கள்.

மூன்றாவது இழுவை இடது பக்கம் மட்டும். இந்த முறை நிப்பிளைத் திறந்தால்தான் விட்டது. ஹோஸ் வெளியிலிருந்து பார்க்கப் புதிது மாதிரி இருந்தது, வெடிப்புகூட இல்லை. வெட்டிப் பார்த்தபோது உள் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. சைக்கிள் வால் ட்யூப் எப்படி உள்ளே போகிற காற்றை விட்டு வெளியே வருவதைத் தடுக்கிறதோ, அதே வேலையை அந்த நாக்கு செய்திருக்கிறது. மாற்றும்போது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டையும் மாற்றுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு ஓரத்துக்கும் முழுக்கத் திருப்பி, ஸ்பிரிங் முழுக்கத் தொங்கும் நிலையிலும், ஹோஸ் இழுபடாமல் டயரில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். மணலில் ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போதுதான் நீளம் குறைவாக உள்ள ஹோஸ் தன்னைக் காட்டும்.

ஹோஸ் உள்ளே உரிவதற்கு வயது ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கரையோரப் பட்டறைகளில் எதைக் கழற்றினாலும் டீசலில் கழுவுவது பழக்கம். படகு என்ஜினுக்கு அது சரி. பிரேக் ரப்பருக்கு டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாமே விஷம், ரப்பர் ஊதிவிடும். சாதாரண கிரீஸும் அப்படித்தான். ஊதின ரப்பர் வளையம் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், ஊதின ஸ்லைடு பின் உறை பின்னை நகர விடாது. சக்கரத்தை மாட்டிய உடனே கையால் சுற்றிப் பார்த்தால் தெரியாது, சில வாரம் கழித்துத் தெரியும். பிரேக் பாகங்களைப் புது பிரேக் ஆயிலிலேயே கழுவலாம், அல்லது ஸ்பிரிட்டில். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். பட்டறையில் கொடுத்துவிட்டு வராமல், இந்த ஒரு வேலைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உலோகம் எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று பார்ப்பதற்காகக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு கிளையே வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்றின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம். டிஸ்க்கின் மேல் ஒரு ராத்திரியில் படிகிற மஞ்சள் துரு பயப்படும்படி இருக்காது, முதல் சில மிதிகளில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத துருதான் கெடுதல். ஹப்பும் டிஸ்க்கும் ஒட்டுகிற முகத்தில் ஒரு செதில் துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும், பெடல் காலில் துடிக்கும். வண்டியில் மாட்டிய நிலையிலேயே டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் டிஸ்க்கைக் கடைய ஓடுவதற்கு முன்னால் முகத்தைத் தேய்த்து மறுபடி மாட்டிப் பாருங்கள், வீல் பேரிங் ஆட்டத்தையும் பாருங்கள். பேரிங் தளர்ந்திருந்தால் டிஸ்க் தள்ளாடிப் பேடைப் பின்னால் தள்ளிவிடும். மேடு பள்ளத்துக்குப் பிறகு வருகிற முதல் மிதி பள்ளமாக இறங்கும். அதை ஏர் என்று நினைத்து ஏர் எடுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

கரையிலிருந்து வந்ததும் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர் போர் தண்ணீர் பாதிக் கடல். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை வைப்பதாகும். காவிரிக் குடிநீர் வருகிற நாள் பார்த்து ஒரு கேனில் பிடித்து வைத்துக்கொள்கிறேன். பூச்சிமருந்து அடிக்கிற கைப்பம்பு போதும். கேலிப்பர், ஸ்லைடு பின் உறை, ஹோஸ் முனை, பெடல் ஷாஃப்ட் என்று பார்த்து அடித்தால் ஒரு குடத்துக்குள் வேலை முடியும். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீர் பிடித்து வைப்பது இன்னும் நல்லது. டிஸ்க் சூடாக இருக்கும்போது மட்டும் அடிக்காதீர்கள்.

மீன் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கடல் தண்ணீரைவிட மோசம், ஏனென்றால் அது நாள் முழுக்க ஒரே இடத்தில் சொட்டும். எங்கள் வண்டியில் பின் ஆக்சில் மேல் ஓடும் பைப், மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் விரல் பட்டாலே உதிரும் அளவுக்கு அரித்திருந்தது. பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, ஒரு குழாயால் தண்ணீரை வண்டிக்கு வெளியே விட்டோம். பைப்புகளை முழுசாக மாற்றினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஏசி, ஃபிரிட்ஜுக்குப் போடுகிற மெல்லிய செம்புக் குழாயைப் பிரேக்குக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்வார்கள், துருப் பிடிக்காது என்பார்கள். துருப் பிடிக்காதுதான், ஆனால் அதிர்வில் வெடிக்கும். பிரேக்குக்கென்று வருகிற செம்பு-நிக்கல் குழாய் இருக்கிறது, கிடைத்தால் அது. இல்லையென்றால் பண்டி என்கிற வழக்கமான இரும்புக் குழாயையே வாங்கிப் பெயின்ட் அடித்துப் போடுங்கள். முனையை இரட்டையாக மடித்து ஃப்ளேர் அடிக்க வேண்டும். அதற்கென்று கருவி வைத்திருக்கிற பட்டறையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் இல்லை.

இவ்வளவும் சரியான பிறகு ஒரு குறை மிஞ்சியது: கால் வலித்தது. டிரம்மில் சக்கரம் சுற்றுகிற வேகமே ஒரு ஷூவை உள்ளே இழுத்து இறுக்கிக் கொடுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, காலின் பலம்தான். அதனால் வேக்கத்தின் (காற்றில்லா வெறுமையின்) இழுப்பால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் என்ஜினில் இன்டேக்கில் வேக்கம் கிடைக்கும். பழைய டீசல் என்ஜினில் காற்றுக்குத் தடுப்பு இல்லாததால் கிடைக்காது. பின்னால் வேக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரைப் போட வேண்டியிருந்தது. அந்த பம்புக்கு என்ஜின் ஆயில் போய் வர லைன் தேவை, அதை விட்டுவிட்டுச் சும்மா மாட்டினால் பம்ப் சீக்கிரம் போய்விடும். பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பல தடவை மிதித்து இறுக்கி, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

சோதனை ஓட்டத்தைச் சாலையில் செய்யாதீர்கள். நம் மாவட்டத்தில் கண்மாய்களுக்குப் பஞ்சமில்லை, கோடையில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். காய்ந்து இறுகிய கண்மாய்த் தரை மாதிரி ஒரு சோதனை மைதானம் கிடையாது. ஆள் இல்லாத நேரம், வெடிப்பும் கருவேலங் கட்டையும் இல்லாத இடமாக நடந்து பார்த்துவிட்டு, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக மிதித்துப் பார்க்கலாம். எந்தச் சக்கரம் முதலில் சுற்றாமல் பூட்டிக்கொள்கிறது என்று தரையில் கோடு போட்டுக் காட்டும். எங்கள் வண்டியில் பெட்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டியது. அது ஆபத்து. தனுஷ்கோடி ரோட்டில் காற்று அடிக்கிற நாளில் தார் மேல் மணல் படர்ந்திருக்கும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி அப்படியே சுழன்றுவிடும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு ஒன்றைப் போட்டு, முன் சக்கரம் சற்று முந்திப் பூட்டும்படி வைத்தோம். காலி வண்டிக்கு வைத்த அளவு சுமை வண்டிக்குக் கொஞ்சம் குறைவுதான். சுழல்வதைவிட நிறுத்த தூரம் கொஞ்சம் கூடுவது மேல் என்று நான் முடிவு செய்தேன்.

ஜாக்கி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனி டிரம்மில் இருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் உருண்டுவிடும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறோம் என்று நம்பி அடியில் படுக்கக் கூடாது. கட்டை வைக்காமல் எங்கள் வண்டிக்கு யாரும் ஜாக்கி போடுவதில்லை.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205ம் 140ம். டிஸ்க் சூடு நேரடியாக ஆயிலுக்குப் போவதால் இங்கே டாட் 4 போடுவதுதான் என் விருப்பம். திறந்த டின்னை மூடி வைத்து அடுத்த தடவை ஊற்றாதீர்கள், சின்ன டின்னாக வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, வாடைக்காற்று மழை முடிந்ததும், முழுக்க மாற்றிவிடுகிறோம். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப் போகும்போது எப்படியும் பிரேக்கைப் பார்ப்பார்கள். வாங்கிய பாகங்களின் பில், பிராக்கெட் செய்த லேத்தின் பில் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன்.

பின் சக்கரத்துக்கும் டிஸ்க் போடலாமா என்று கேட்கிறார்கள். நான் போடவில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான், மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின் டிரம்மைக் கரை ஓட்டத்துக்குப் பிறகு திறந்து மணலை ஊதிவிட்டு, லைனர் இடைவெளியை ஒழுங்காக வைத்தால் போதும். பின் லைனர் இடைவெளி கூடினால் பெடலும் கீழே போகும், அந்தப் பழி டிஸ்க் மேல் விழும். பின்னால் டிஸ்க் போட வைத்திருக்கிற பணத்தை முதலில் டேண்டம் மாஸ்டருக்கும், புது ஹோஸுக்கும், புதுப் பைப்புக்கும் போடுங்கள்.